காப்பாரில் ஊதிய மூச்சு

படிப்பை முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, காப்பாரில் வீடு வீடாகப் போய் ஆட்களை ஒரு பிளாஸ்டிக் குழாயில் ஊதச் சொல்வது. மூச்சின் வலுவை அளக்கும் குழாய் அது. கோலாலம்பூர் பல்கலைக்கழகம் ஒன்று அரசாங்க மானியத்தில் நடத்திய ஆய்வு.

பிரிக்ஃபீல்ட்ஸில் வாடகை அறையில் இருந்தேன். காலையில் கிள்ளானுக்கு ரயில்; நிலையத்தில் விட்டிருக்கும் பழைய மோட்டார் சைக்கிளில் அங்கிருந்து காப்பார். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றிய லோரிகளின் பின்னால் தூசியைத் தின்றுகொண்டே போவேன். அந்த மாதங்களைப் போல் சந்தோஷமான காலம் பிறகு எனக்கு வாய்க்கவில்லை. எந்த வீட்டிலும் சிரப் தண்ணீர் குடிக்க வைக்காமல் விட மாட்டார்கள். ஊதச் சொன்னால் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். சிரித்தால் அளவு தப்பிவிடும், மறுபடி ஊத வேண்டும்.

மூலை வீட்டு ஆன்டிதான் அதிகம் சிரித்தவர். கேள்வித்தாளில் கொசுவத்தி பற்றி ஒரு கேள்வி இருந்தது.

"கொளுத்தாம எப்படிம்மா? கதவ சாத்திட்டுக் கொளுத்தினாத்தான் கொசு போகும்," என்றார். கிளம்பும்போது, "ரிசல்ட் வந்தா சொல்லுவீங்கதானே?" என்று கேட்டார்.

"கண்டிப்பா கொண்டாந்து தரேன் ஆன்டி."

கொடுக்கவில்லை. கட்டுரை வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தபோது நான் வேறொரு பல்கலைக்கழகத்தின் நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அந்த இதழுக்கு எங்கள் நூலகம் சந்தா கட்டவில்லை. இணையத்தில் தலைப்பும் சுருக்கமும் தெரிந்தன. உள்ளே போகப் பணம் கேட்டது. நான் வெயிலில் அலைந்து சேர்த்த பதில்களை என்னாலேயே படிக்க முடியவில்லை. ஆய்வை நடத்திய பேராசிரியரிடம் ஒரு பிரதி கேட்டிருக்கலாம். இன்று நாளை என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு.

பல வருடங்கள் கழித்து, அரசாங்கப் பணத்தில் நடந்த ஆய்வுகள் எல்லோரும் படிக்கும்படி இருக்க வேண்டும் என்ற கொள்கை எங்கள் மேசைக்கும் வந்தது. பழைய கட்டுரைகளைத் திரட்டி நூலகத்தின் இணையக் களஞ்சியத்தில் ஏற்றும் பொறுப்பு எனக்கு. காப்பார் ஆய்வில் எங்கள் பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவரும் பங்கெடுத்திருந்ததால் அதையும் சேர்க்க முடிந்தது. ஓய்வுபெற்று செராஸில் இருந்த பேராசிரியரை முதல் வேலையாக அழைத்தேன்.

"இதழ்க்காரங்க அச்சடிச்சத போட முடியாதும்மா. ஆனா அவங்க ஏத்துக்கிட்ட கடைசி டிராஃப்ட் இருக்கு லா, அதப் போடலாம்," என்றார். மறுநாளே அனுப்பிவிட்டார்.

அன்றுதான் முழுதாகப் படித்தேன். மூடிய அறையில் கொசுவத்தி கொளுத்தும் வீடுகளில் மூச்சின் அளவு குறைவாக இருந்ததாம்.

அந்த வாரக் கடைசியில் அச்செடுத்த தாள்களோடு காப்பாருக்குக் காரில் போனேன். செம்பனை நின்ற இடத்தில் கடை வரிசை வந்திருந்தது. மூலை வீட்டு ஆன்டிக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. அடையாளம் சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

"பேரு போட மாட்டாங்க ஆன்டி. இந்த அட்டவணையில பெண்கள்னு போட்ட வரிசையில ஒருத்தரா இருப்பீங்க."

அந்த வரிசையைச் சிரித்துக்கொண்டே தடவிப் பார்த்தார். கொசுவத்தி விஷயத்தைப் படித்துச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது.

"சின்னவனுக்கு அப்ப இழுப்பு. கொசு கடிக்கக் கூடாதுன்னு அவன் கட்டிலுக்குக் கீழதான் வைப்பேன். அப்பவே சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனேம்மா."

மன்னிப்புக் கேட்டேன். "அவன் இப்ப நல்லா இருக்கான், லோரி ஓட்டுறான்," என்று அவரே என்னைத் தேற்றினார்.

வீடு திரும்பியதும் கட்டுரையின் சாரத்தைத் தமிழில் ஒரு பக்கம் எழுதினேன். களஞ்சியத்தில் அதையும் இணைக்கக் கேட்டபோது என் மேலதிகாரி யோசித்தார். "யாரும் இப்படிக் கேட்டதில்ல," என்றார், பிறகு அனுமதித்தார். சுட்டியை ஆன்டிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார்.

"பக்கத்து வீட்டுக்கெல்லாம் அனுப்பிட்டேன். அது என்னம்மா, சுவாசக் கோளாறுன்னு எழுதியிருக்க? யாருக்குப் புரியும்? இழுப்புன்னு போடு."

மாற்றி ஏற்றினேன்.