தம்பியின் துப்பாக்கிக்கு என் பீரோவா?

போன ஞாயிற்றுக்கிழமை காலை. மீன் குழம்பு ஊற்றிய மொகிங்கா நூடுல்ஸ் கிண்ணத்தை அப்போதுதான் கையில் எடுத்தேன். ஆற்றுக்கு அக்கரையில் தாகேதாவிலிருந்து என் தம்பி செல்வம் குடும்பத்தோடு வந்துவிட்டான். மனைவி மீனா, ஆறு வயது மகள் யாழினி. உட்காரக்கூட இல்லை... போனை நீட்டினான்.

"அக்கா, இதுல எது நல்லாருக்கு, பாத்துச் சொல்லு."

புடவைதான் காட்டுகிறான் என்று நினைத்தேன். மூன்று கைத்துப்பாக்கிகள்!

பத்திரிகையில் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குச் செல்வத்தைத் தெரியும். லான்மடா கடைத்தெருவில் ஃபேன், மிக்ஸி விற்கிறவன். போன மாதம் பக்கத்துக் கடையில் கத்தியைக் காட்டிக் கொள்ளை அடித்துவிட்டார்கள். அவன் பயந்ததைத் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் பயந்தவன் என்ன செய்தான்? துப்பாக்கி லைசென்ஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, செகண்ட் ஹேண்ட் பைக் பார்ப்பது போல விசாரிக்கக் கிளம்பிவிட்டான்.

"முதல்ல இருக்கறது விலை ஜாஸ்தி. மூணாவதுதான் நம்ம பட்ஜெட்டுக்கு வருது. எப்பவாச்சும் குண்டு உள்ள சிக்கிக்குமாம், அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்.

"நீ சுட்டுப் பழகியிருக்கியா?"

"வீடியோ பாத்திருக்கேன்."

"சொல்லித் தர ஆள் இல்லையா?"

"அதுக்குத் தனியாக் காசு கேக்கறாங்க. அப்புறம் பாத்துக்கலாம்."

"பூட்டி வைக்க இரும்புப் பெட்டி?"

"அதுவும் அப்புறம்தான்க்கா."

எல்லாம் அப்புறம். துப்பாக்கி மட்டும் இப்போது. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கஞ்சம் பிடிக்கிறவனிடம் என்ன பேசுவது? பயந்துபோனவனுக்கு மலிவாக விற்க ஊரில் எப்போதும் யாரோ ஒருவர் தயாராக இருக்கிறார். அவனுடைய பயம் போகுமா என்று மட்டும் அந்த ஆள் கேட்பதே இல்லை.

சரி, எந்தத் துப்பாக்கி என்று கேட்கவா ஆற்றைத் தாண்டி வந்தான்? இல்லை. விஷயம் பிறகுதான் வந்தது.

"கடையில வைக்க முடியாது, ஷட்டர் பூட்டு சரியில்ல. வீட்டுல பாப்பா இருக்கா, எதையும் நோண்டாம விடமாட்டா. உன் வீட்டுலதான் சின்னப் புள்ளைங்க இல்லையே. பெட்டி வாங்கற வரைக்கும் உன் பீரோவுல இருக்கட்டும்."

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்தவள் மடியில் விடுகிறவனை அன்றுதான் பார்த்தேன்.

"ஏண்டா, கடையைக் காப்பாத்தத்தானே இது? திருடன் லான்மடாவுக்கு வந்தா, நான் இங்க பபேடான் வீட்டுலேர்ந்து இதைக் கைப்பையில போட்டுக்கிட்டு வரணுமா? அதுவரைக்கும் அவன் ஸ்டூல்ல உக்காந்து டீ குடிச்சிக்கிட்டு இருப்பானா?"

செல்வம் சிரிக்கப் பார்த்தான். நான் சிரிக்கவில்லை. எனக்குக் கோபம். தன் பிள்ளை இருக்கிற வீட்டில் வைக்கக்கூடாத சாமான் என்று அவனுக்கே தெரிகிறது. தெரிந்தும் வாங்குகிறான்.

அதுவரை வாயைத் திறக்காத மீனா மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணி, நான் சொன்னா கேக்கவே மாட்டேங்கறாரு. சனிக்கிழமைதோறும் பாப்பா இங்கதானே படுக்கறா?"

பெற்றவன் அதை மறந்தே போயிருந்தான். ஆனாலும் விடவில்லை.

"பீரோ பூட்டித்தானே இருக்கும். சாவி எங்க இருக்குன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

தரையில் படம் வரைந்துகொண்டிருந்த யாழினி எழுந்தாள். நாற்காலியைச் சாமி அலமாரிப் பக்கம் இழுத்துப் போட்டாள். ஏறினாள். முருகன் படத்துக்குப் பின்னால் கையை விட்டு, சாவியை எடுத்துக்கொண்டு வந்து அப்பாவிடம் நீட்டினாள்.

"இந்தாங்கப்பா."

அந்த இடம் எனக்கு மட்டுமே தெரியும் என்று இத்தனை வருஷம் நம்பியிருந்தேனே... தம்பியைத் திட்டிய வாயால் என்னையும் திட்டிக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. செல்வம் மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். போனிலிருந்த மூன்று துப்பாக்கிப் படங்களையும் அவனேதான் அழித்தான்.

அன்று மாலையே ஷட்டருக்கு இரண்டு கனமான பூட்டுகள் வாங்கிவிட்டான். அவன் பேரம் பேசாமல் வாங்கிய முதல் சாமான் அதுதான் என்று மீனா சொன்னாள்.

அந்தப் பூட்டுகளின் சாவியை எங்கே வைத்திருக்கிறான் என்று என்னைக் கேட்காதீர்கள். யாழினிக்குத்தான் தெரியும்.