சர்க்கரைக் கரைசலும் வடிகட்டி அக்காவும்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வடிகட்டி அக்கா என்று பெயர். யார் வைத்தார்களோ, ஒட்டிக்கொண்டுவிட்டது. மரத்தூளிலிருந்து பிரித்த சர்க்கரைக் கரைசலை மிளகளவு வினையூக்கி மணிகளோடு சேர்த்துக் காய்ச்சினால், பிளாஸ்டிக் செய்ய வேண்டிய சரக்கு கிடைக்கும். அந்த மணிகளை உருவாக்கியவர் அவள் கணவர். வடிகட்டுவது அவள். சண்டை போடக்கூட இவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை என்று கூட வேலை செய்பவர்கள் கேலி பேசுவார்கள்.

போன மாதம் அந்த மனிதர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அவள் அழவில்லை. "கல்நெஞ்சக்காரி" என்று நாத்தனார் காதுபடவே சொன்னாள். சொல்லிவிட்டுப் போகட்டும். அழுகை என்ன, குழாயைத் திறந்தால் வருவதா? பசியும் தெரியாமல் துக்கமும் தெரியாமல் மரத்துப்போயிருந்தாள், அவ்வளவுதான்.

ஒன்றே ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அந்த மணிகள் தேற வேண்டும். தேறினால் புதிய ஆலையில் அவற்றைத்தான் போடுவார்கள். அவர் பாடுபட்டது வீண்போகாது. கடைசியாக ஒரு தடவை சோதித்துப் பார்ப்பதுதான் பாக்கி. பாதியில் மணிகளை வடிகட்டி எடுத்துவிட்டு, கரைசலை மட்டும் மறுபடி காய்ச்ச வேண்டும். சர்க்கரை மாறுவது நின்றால், வேலை செய்தது மணிதான். நிற்காவிட்டால், வேலையைச் செய்யும் உலோகம் மணியிலிருந்து கரைசலில் கரைந்து போகிறது என்று பொருள். அப்படிப்பட்ட மணி ஆலைக்கு உதவாது. இதுவரை ஒவ்வொரு தடவையும் நின்றிருக்கிறது.

"கொதிக்கக் கொதிக்க வடிகட்டுங்க அக்கா," என்றார் புதிதாக வந்த மேலாளர். "ஆறினா, கரைஞ்ச உலோகம் திரும்ப மணியிலயே போய் ஒட்டிக்கும். சோதனை நம்மள ஏமாத்திடும்."

தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு அப்படியே செய்தாள். மணிகள் எல்லாம் வலையில் தங்கின. தெளிந்த கரைசலைத் திரும்பவும் சூடேற்றி, அவ்வப்போது எடுத்து அளந்து பார்த்தாள். சர்க்கரை குறைந்துகொண்டே போயிற்று. மருந்துக்குக்கூட ஒரு மணி உள்ளே இல்லை.

"நிக்கல சார்," என்றாள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

மேலாளருக்குச் சங்கடமாகிவிட்டது. "முன்னாடியெல்லாம் எப்படி நின்னுது? அவர் விவரம் தெரிஞ்சவராச்சே. சூடா வடிகட்டணும்னு தெரியாமலா இருந்திருக்கும்?"

"தெரியும் சார். இங்க சேர்ந்த புதுசுல எனக்குக் கை வெந்துடுச்சு. அதுலேர்ந்து ஆற வச்சுட்டுத்தான் பாத்திரத்த என் கையில கொடுப்பார். கொஞ்சம் ஆறினா ஒண்ணும் ஆயிடாதுன்னுவார்."

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. கையுறையைக் கழற்றி மேஜைமேல் வீசினாள்.

"வெந்தா வெந்துட்டுப் போகட்டும்னு விட்டிருக்கக் கூடாதா, பாவி மனுஷா!"

அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, வாய்விட்டு அழுதாள்.