சிவப்பில் நின்ற இரண்டு எண்கள்

எனக்கு எந்த வேலையும் நிலைத்ததில்லை. உருக்காலையில் எடுபிடி, பல்பு கம்பெனியில் வருகைப்பதிவு குமாஸ்தா, புதுவாயல் பாதையில் ஷேர் ஆட்டோ, அப்புறம் இன்சூரன்ஸ், செல்போன் ரிப்பேர். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை என்பாள் என் மனைவி. ஐம்பதை நெருங்கும்போது ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில், வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் உட்கார்ந்தேன். புதுவாயல் கூட்டு ரோட்டில் பேக்கரிக்கு மேல் மாடி. டீம் லீடருக்கு என் மகன் வயது. என்னை ‘அங்கிள்’ என்பான். எரிச்சலாக வரும். வேலை நிரந்தரமாகும்வரை அங்கிளாகவே இருந்து தொலைப்போம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை ஆலைகளில் தொழிலாளர்கள் கேட்டில் கார்டைக் காட்டினால், யார் உள்ளே, யார் வெளியே என்று கணக்கு வைப்பது எங்கள் சாஃப்ட்வேர். வரும் அழைப்புகள் பெரும்பாலும் அற்பம்தான். பாஸ்வேர்டு மறந்துவிட்டது, மெஷின் பேசமாட்டேன் என்கிறது. ஒயரைப் பிடுங்கி மாட்டச் சொன்னால் பாதி தீர்ந்துவிடும். ஒவ்வொரு அழைப்புக்கும் ‘டிக்கெட்’ என்று ஒரு பதிவைத் திறந்து, பிரச்சினை தீர்ந்ததும் மூட வேண்டும்.

அன்று சாயங்காலம் வந்த அழைப்பில் குரலுக்கு முன்னால் சங்கு ஊதுவது கேட்டது. மீன் பதப்படுத்தும் ஆலை ஒன்றின் செக்யூரிட்டி சூப்பர்வைசர் பேசினார். குளிர்சாதனக் குழாயில் அமோனியா கசிந்து, எல்லோரையும் வெளியே அனுப்பியிருந்தார்கள். இப்படி நேர்ந்தால் எல்லோரும் மைதானத்தில் கூடி, அங்கிருக்கும் மெஷினில் கார்டைக் காட்ட வேண்டும். உள்ளே யாருமில்லை என்று திரை பச்சையானதும் ஆலைக் கூடத்தின் கதவுகளை இழுத்து அடைத்துவிடுவார்கள்.

“சார், ரெண்டு நம்பர் மட்டும் செவப்பா கீது. கணக்கு சரியாத்தான் கீது. அந்த ரெண்டையும் தட்டி உட்டீங்கன்னா பச்சை வந்துரும். சீக்கிரம் சார், கண்ணு எரியுது.”

என் திரையில் பார்த்தேன். இரண்டு பெண்களின் கார்டுகள் ஒரே மெஷினில், ஒரு தும்மல் இடைவெளியில் விழுந்திருந்தன. அதைத்தான் சாஃப்ட்வேர் சந்தேகப்பட்டிருந்தது. ஒரு பட்டனைத் தட்டினால் என் வேலை முடிந்தது.

“தட்டிடுங்க அங்கிள், கூட்டத்துல அவசரமா காட்டியிருப்பாங்க. வழக்கமா வர்றதுதான்” என்றான் பின்னால் வந்து நின்ற டீம் லீடர்.

கை போகவில்லை. முந்தைய நாட்களின் பதிவைத் திறந்தேன். காலையில் இந்த இரண்டு எண்களும் தனித்தனியாக வருகின்றன. சாயங்காலம் மட்டும் ஒட்டிப் பிறந்த மாதிரி சேர்ந்தே வெளியேறுகின்றன. பல்பு கம்பெனியில் நாள் முழுக்க இதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கார்டும் ஒரே கையில் இருக்கின்றன.

“சார், ரெண்டாவது நம்பர் பொண்ணை மெஷின்கிட்ட கூப்பிடுங்க. முகத்தைப் பார்த்துட்டுச் சொல்லுங்க, உடனே தட்டிடறேன்.”

அதுவரை சாராக இருந்த நான் அந்த நொடியே நீயாகிவிட்டேன். “இன்னா பேஜாரு பண்றே! இங்க அவனவன் இருமிக்கினு கீறான். நீ ஃபேனுக்குக் கீழ குந்திக்கினு மூஞ்சைப் பாருன்றே!”

“வேலியில போற ஓணானை எதுக்கு அங்கிள் எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கறீங்க?” என்றான் டீம் லீடர். “அவங்க கம்ப்ளெயின்ட் பண்ணா உங்க வேலைதான் போகும்.” மிரட்டலாக அல்ல, பயந்துபோய்த்தான் சொன்னான். எனக்கும் பயம்தான். என் சந்தேகம் தப்பானால், நெடியில் நிற்பவர்களை வீணாக நிறுத்தி வைத்த பாவமும் சேரும். ஆனாலும் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

“பார்க்காம தட்டமாட்டேன் சார்.”

அவர் என்னைத் திட்டிக்கொண்டே அந்த எண்ணைச் சொல்லிக் கத்தினார். யாரும் வரவில்லை. மறுபடி கத்தினார். ஒரு பெண் குரல் கிட்டத்தில் கேட்டது. “அவ வேன்ல கீறா சார். சீட்டு புடிக்கப் போயிருப்பா. தெனமும் அவ கார்டையும் நான்தான் காட்டுவேன்.”

பழவேற்காடு பக்கத்துக் குப்பங்களுக்குப் போகிற கம்பெனி வேனில் உட்கார இடம் கிடைப்பது கஷ்டம். ஒருத்தி வரிசையில் நின்று இரண்டு கார்டையும் காட்ட, மற்றவள் ஓடிப்போய் இடம் பிடிப்பாள். சங்கு ஊதியபோதும் கை பழக்கத்தில் அதையே செய்திருக்கிறது.

“அவ போனதைப் பார்த்தீங்களா?” என்று கேட்டேன். சூப்பர்வைசர் அதையே அவளிடம் கேட்டார்.

யாரோ வேனை நோக்கி ஓடுவது கேட்டது. “வண்டி காலியா கீது, யாருமே வரலியாம்!” என்று தூரத்திலிருந்து ஓர் ஆண் குரல். அந்தத் தோழி போட்ட அலறலில் ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். உடனே மறுபடி மாட்டிக்கொண்டேன்.

முகமூடி போட்ட இரண்டு பேர் உள்ளே போனார்கள். சூப்பர்வைசர் போனைக் கையில் பிடித்தபடி என்னை மறந்துவிட்டார். நானும் துண்டிக்கவில்லை. எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். டீம் லீடர் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“ஐஸ் பெட்டி ரூம்ல அந்தப் பொண்ணு உயுந்து கெடந்துச்சு. தூக்கியாறாங்க!” சூப்பர்வைசரின் குரல்.

“மூச்சு?” என்று கத்தினேன். “சார், மூச்சு இருக்கா?”

“கீது சார்... கீது.”

லைன் போய்விட்டது. டீம் லீடர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். அன்று அவன் என்னை எதுவும் சொல்லி அழைக்கவில்லை.

அந்த டிக்கெட்டை மட்டும் நான் மூடவில்லை. தீர்ந்த பிரச்சினை ஏன் திறந்தே கிடக்கிறது என்று மேலிடத்திலிருந்து மெயில் மேல் மெயில் வந்தது. ஆஸ்பத்திரியில் தேறி வருகிறாள் என்று சூப்பர்வைசர் சொன்னார். காதால் கேட்டது எனக்குப் போதவில்லை. தினமும் காலையில் அந்த ஆலையின் திரையைத் திறந்து அவள் எண்ணைத் தேடினேன். பல நாட்கள் வராத எண், ஒரு காலையில் வந்திருந்தது. அப்போதும் மூடவில்லை.

சாயங்காலம் வேன் நேரத்துக்குத் திரை முன் உட்கார்ந்தேன். முதலில் தோழியின் எண் வந்தது. பிறகு யார் யாரோ வந்தார்கள். கண்ணிமைக்காமல் பார்த்தேன். கடைசியில், முன்னும் பின்னும் யாருமில்லாமல், அவள் எண் தனியாக வந்தது.

வேனில் நின்றுகொண்டுதான் போயிருப்பாள். டிக்கெட்டை மூடினேன்.