யாகப்புவின் காருக்கு ஏர்த் இல்லை

யாகப்புவுக்குக் கடல் ஒத்துவராது. ஊர்காவற்றுறையில் தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்த குடும்பத்தில் பிறந்தவன்தான். ஆனாலும் வள்ளம் கரையை விட்டு அசைந்ததும் அவனுக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். தகப்பன் அடித்துப் பார்த்தார், அந்தோனியாருக்கு நேர்ந்தும் பார்த்தார். அந்தோனியார் தொலைந்த சாமானைக் கண்டுபிடித்துக் கொடுப்பார். பிறக்கும்போதே இல்லாத வயிற்றுப் பலத்தை எங்கே போய்த் தேடுவார், பாவம்? கடைசியில் அவனைக் கரையில் இருத்தி வள்ளங்களுக்குப் பெயின்ற் அடிக்க விட்டார்கள். அதில் அவனை வெல்ல ஆளில்லை. ஆணித் தலை, பலகைப் பொருத்து, உப்புத் தண்ணீர் எங்கே நுழையுமோ அங்கெல்லாம் மூன்று பூச்சு. உப்புப் போகிற வழியை அடைத்துவிட்டால் உலகத்தில் எதுவும் உக்காது என்பதுதான் அவன் படித்த ஒரே வேதம்.

இடம்பெயர்ந்து திரும்பி வந்தபின், தொண்ணூற்றெட்டில், யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய ஒஸ்ரின் காரை வாங்கினான். மனைவி மாக்கிறேற்றின் காப்புகள்தான் அந்தக் காராக மாறின. அதனால் காரைப் பற்றி என்ன சொல்லவும் அவளுக்கு உரிமை இருந்தது. அவளும் குறை வைக்கவில்லை.

பெற்றோல் கிடைக்காத சண்டைக்குள்ளும் மண்ணெண்ணெய் குடித்து உயிர் தப்பிய கார் அது. உள்ளே இருந்த வயர்களில் பாதி காருக்குப் பிறந்தவை அல்ல; றேடியோவில் கழற்றியவை, சைக்கிள் டைனமோவில் கழற்றியவை. என்றாலும் வேலணை, சரவணை, நாரந்தனைப் பக்கம் கலியாணம் என்றால் யாகப்புவின் கார்தான். சைவக்காரர் வீட்டுக்குப் போகிற நாளில் முன்னால் ஒட்டியிருந்த அந்தோனியார் படத்தின்மேல் ஒரு மல்லிகைச் சரத்தைத் தொங்கவிடுவான். அந்தோனியாரும் கோபிக்கவில்லை, சைவக்காரரும் சரத்தைத் தூக்கிப் பார்க்கவில்லை.

பிறகு சமாதானம் வந்தது. தெற்குக்குப் பாதை திறந்த கையோடு பளபளவென்று வான்களும் வந்தன. உள்ளே குளிர், உள்ளே பாட்டு. யாகப்பு பயந்துபோனான். பயந்தவன் தனக்குத் தெரிந்ததைத்தானே செய்வான்? காருக்குப் பெயின்ற் அடித்தான். விளக்குகளைக் கழற்றி, ஹோனைக் கழற்றி, அவற்றின் வயர் பூட்டுகிற போல்ட்டுகளையும் கழற்றி, ஓட்டைக்குள்ளேயும் விளிம்பிலேயும் வள்ளத்து நீலத்தில் மூன்று பூச்சு. காய்ந்ததும் எல்லாவற்றையும் பூட்டிக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டப் புறப்பட்டான்.

முதல் சந்தியில் பிறேக்கை மிதித்தான். ஹோன் ஊதியது. ஹோன் பொத்தானை அமத்தினான். மூச்சில்லை. சிக்னலைப் போட்டான். முன்விளக்குகள் இரண்டும் போகிற வருகிற பெண்களைப் பார்த்துக் கண்ணடித்தன. ஊதிய சத்தமாவது நல்ல சத்தமா? ஈன முடியாத எருமை முக்குவதுபோல ஒரு சத்தம்.

"நான் கத்தினா உங்களுக்குக் கேக்காது எண்டுதான் மாதா காருக்கு வாய் குடுத்திருக்கிறா" என்றாள் மாக்கிறேற்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. வேலணைச் சரவணமுத்தர் தன் மகளின் கலியாணத்துக்கு மாப்பிள்ளையைக் கொண்டுவரவும், மாலையில் பொம்பிளை மாப்பிள்ளையைக் கொண்டுபோய் விடவும் அவனிடம் சொல்லி வைத்திருந்தார். தீவுப்பகுதி முழுக்க வருகிற கலியாணம். அங்கே கார் முக்கினால் அபசகுனம் என்பார்கள். அபசகுனமென்று ஒரு வீட்டில் விலக்கிய காரைப் பிறகு எந்த வீட்டிலும் பந்தலுக்குக் கூப்பிடமாட்டார்கள், செத்தவீட்டுக்குத்தான் கூப்பிடுவார்கள்.

பல்ப் மாற்றினான், பியூஸ் மாற்றினான், பற்றறியைக் கழுவிப் பூட்டினான். எருமை அசையவில்லை. வள்ளத்தில் தண்ணீர் ஒழுகுவதுபோலக் காரில் கரண்ட் எங்கேயோ ஒழுகுகிறது என்று முடிவுகட்டி, சந்தேகம் வந்த இடமெல்லாம் இன்னொரு பூச்சு அடித்தான். சிக்னலும் செத்தது.

வேறு வழியில்லாமல் பஸ்ஸில் ஏறி யாழ்ப்பாணம் போனான். காரைக் கொண்டுபோனால் சோதனைச் சாவடியில் பிறேக் பிடிக்க வேண்டுமே. வயர் வேலை செய்கிற குலசிங்கம் வேறொரு வாகனத்துக்குள் தலையை விட்டுக்கொண்டே கதையைக் கேட்டான்.

"ஏர்த் இல்லை அண்ணை. ஏர்த்தைப் பாருங்கோ."

ஏர்த் என்றால் என்னவென்று கேட்டிருக்கலாம். கேட்டால் அவன் யாகப்பு இல்லை. காருக்கு ஏர்த் என்பது அதன் இரும்பு உடம்புதான். பிறேக் விளக்குக்குப் போன கரண்ட் அந்த உடம்பு வழியாகத்தான் பற்றறிக்குத் திரும்ப வேண்டும். இவன் பெயின்ற் அடித்து அந்த வழியை மூடிவிட்டான். வந்த கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் ஹோனுக்குள்ளால் முக்கிக்கொண்டு போனது. ஆனால் யாகப்பு கண்ட ஏர்த் வேறு. மாதா கோயிலுக்கு ஜெனறேற்றர் பூட்டியபோது, ஏர்த் என்று சொல்லி ஒரு செப்புக் கம்பியை மண்ணுக்குள் அடித்ததை அவன் கண்ணால் பார்த்தவன். ஏர்த் என்றால் மண். கார் நிற்பதோ நாலு றப்பர்ச் செருப்பின்மேல். பிறகெப்படி மண் முட்டும்?

தகப்பனின் நங்கூரச் சங்கிலியை எடுத்துக் காரின் பின்பக்கம் கட்டித் தெருவில் இழுபட விட்டான். கார் முக்கிக்கொண்டும் சங்கிலி பொறி பறக்கக் கடகடத்துக்கொண்டும் போனதைப் பார்த்து, நாய்கள்கூடக் குரைப்பதை விட்டுவிட்டு ஒதுங்கி நின்றன.

"நங்கூரம் போட்டா வள்ளம் நிக்கும். நீங்கள் போட்டுக்கொண்டெல்லோ ஓடுறியள்" என்றாள் மாக்கிறேற்.

"எங்கட மண்ணில சத்தில்லை. வேற மண்ணெண்டா வேலை செய்திருக்கும்" என்றான் அவன்.

கலியாண நாள் வந்தது. சங்கிலியைக் கழற்றிவிட்டு ஒரு தீர்மானத்தோடு புறப்பட்டான். வள்ளத்துக்குப் பிறேக் இருக்கிறதா? இல்லை. அது கரை சேரவில்லையா? நாரந்தனையில் மாப்பிள்ளை லவனையும் தாய் பரிமளத்தையும் ஏற்றிக்கொண்டு, கியரைக் குறைத்தும் கைப்பிறேக்கை இழுத்தும், மாட்டுக்கு விலகி ஆட்டுக்கு விலகி, ஒரு முக்கல் இல்லாமல் வேலணை வரை வந்துவிட்டான். பந்தல் வாசலில்தான் வினை. ஆரத்தித் தட்டோடு நாலு பெண்கள் குறுக்கே வந்தார்கள். மிதிக்காமல் என்ன செய்வது?

எருமை கத்தியது. ஆரத்தித் தட்டு ஒருபக்கம், சுமந்தவள் ஒருபக்கம். பரிமளத்தின் முகம் புளித்துப்போனது. சரவணமுத்தர் கிட்ட வந்து மெல்லச் சொன்னார்:

"பின்னேரம் வானை ஒழுங்கு பண்ணுறன். நீர் சாப்பிட்டிட்டுப் போம்."

யாகப்பு சாப்பிடப் போகவில்லை. காருக்குள்ளேயே ஸ்ரியறிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தான்.

பந்தலுக்குள் வேறு கலக்கம். மேளக்காரரைக் காணவில்லை. பாலத்தடிச் சாவடியில் ஆமிக்காரர் தவிலைக் கழற்றிக் காட்டச் சொல்லி மறித்து வைத்திருப்பதாகச் சேதி வந்தது. முகூர்த்தம் முடியப் போகிறது. தாலி கட்டுகிற நேரத்தில் கெட்டிமேளம் முழங்காவிட்டால் யாராவது தும்முவது காதில் விழும். யாரோ அழுவது விழும். அதற்கென்றே காத்திருந்ததுபோல அடுத்த வளவு நாய் ஊளையிடத் தொடங்கியது. ஐயர் மந்திரத்தை இழுத்து இழுத்துப் பார்த்தார். இனி இழுக்க மந்திரம் இல்லை.

வாசலுக்கு வந்தது பரிமளம். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நேரே காரடிக்கு வந்தாள்.

"தம்பி யாகப்பு, உம்மட எருமையை இப்ப ஒருக்காக் கத்த விடும். நான் கையைக் காட்டுவன்."

அவன் அசையவில்லை. "பின்னேரம் வான் எண்டெல்லோ சொன்னவை."

"ஆர் சொன்னது?"

"சரவணமுத்தர்."

"அவர் பொம்பிளையின்ர தகப்பன். மாப்பிள்ளையின்ர தாய் நான் சொல்லுறன், என்ர பிள்ளையும் மருமகளும் உம்மட காரிலதான் வருவினம். ஊதும்."

"பிறகு மாறக் கூடாது."

"நாய் ஊளையிடுது, இவர் பேரம் பேசுறார். மிதியும் ஐசே."

அவள் உள்ளே ஓடிப்போய்க் கையை உயர்த்தினாள். யாகப்பு இரண்டு காலாலும் பிறேக்கில் ஏறி நின்றான். பந்தல் அதிர்ந்தது. ஐயர் திடுக்கிட்டு அட்சதையைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டார். நாய் வேலிக்குள்ளால் ஓடிப்போனது. தும்மியவர்கள் எத்தனை பேரோ, ஒருவருக்கும் கேட்கவில்லை. மூன்று முடிச்சும் விழுந்து, பரிமளம் கையை இறக்கிய பிறகும் கொஞ்சநேரம் அவன் காலை எடுக்கவில்லை.

பின்னேரம் சரவணமுத்தர் தானே கார்க் கதவைத் திறந்து மகளை ஏற்றினார். பொம்பிளை சிரிப்பை அடக்க முடியாமல் கூறைத் தலைப்பை வாய்க்குள் திணித்திருந்தாள். ஒழுங்கு பண்ணிய வான் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தது.

சரவணைத் திருப்பத்தில் மேளக்காரர் எதிர்ப்பட்டார்கள். சாவடியில் அப்போதுதான் விட்டிருக்கிறார்கள், தவிலைத் தூக்கிக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து நடந்து வந்தார்கள். நாதஸ்வரக்காரர் மாலையும் கழுத்துமாக இருந்த இருவரையும் காருக்குள் எட்டிப் பார்த்தார். அவருக்கு மனம் பொறுக்கவில்லை.

"தாலி கட்டியாச்சோ? எங்களை விட்டிட்டு ஆர் வாசிச்சது?"

"நான்தான்" என்று சொல்லிவிட்டு, யாகப்பு பிறேக்கை மிதித்தான்.