உடைந்த ஜன்னலும் காலண்டர் பெருமாளும்

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பழைய வீடொன்றின் மாடியில் நாங்கள் குடியிருந்த முதல் வருஷம். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் கணவருக்குத் துவாக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. அங்கே ஒரு தலைமுடி அளவு பிசகினாலும் பொருளைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

நாங்கள் பாலக்கரையில் வளர்ந்த கிறிஸ்தவக் குடும்பம். கீழ் வீட்டில் வீட்டுக்கார மாமாவும் மாமியும் இருந்தார்கள். மாமா ரயில்வேயில் ரிடையர் ஆனவர். சாவியைக் கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"இந்தப் பூப்போட்ட ஜன்னல் கண்ணாடியெல்லாம் எங்கப்பா ஆசையா வாங்கிப் போட்டது. இப்போ கெடைக்கறதில்லே. பார்த்துக்கோங்கோ."

ஐப்பசி மழையில் ஜன்னல் கதவு ஊறிப் பருத்துப்போய் மூட வரவில்லை. தள்ளிப் பார்த்தேன், தோளால் முட்டிப் பார்த்தேன். கடைசியில் சப்பாத்திக்கட்டையை எடுத்து வந்து சட்டத்தில் பக்குவமாக இரண்டு தட்டு தட்டினேன். மூன்றாவது தட்டு சட்டத்தில் விழவில்லை.

நல்லவேளை, மாமாவும் மாமியும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். சில்லெல்லாம் பொறுக்கி முடிப்பதற்குள் அடுத்த மழை உள்ளே வந்துவிட்டது. ஓட்டையை அடைக்க வீட்டில் கெட்டியாக இருந்தது மளிகைக் கடையில் கொடுத்த காலண்டர் அட்டை ஒன்றுதான். அதில் பள்ளிகொண்ட பெருமாள், ஆதிசேஷனோடு. வெள்ளைப் பின்பக்கம் தெருவைப் பார்க்கும்படி நான் வைத்தேன்.

"வெள்ளையா இருந்தா உடைஞ்சிருக்குன்னு தெருவுலேர்ந்தே தெரியும்" என்றார் கணவர். "படத்தை வெளிப்பக்கம் திருப்பு. வேணும்னே வச்ச மாதிரி இருக்கும்."

திருப்பி வைத்து, சுற்றிலும் டேப் ஒட்டினோம். உண்மையாகவே வேண்டுமென்றே வைத்த மாதிரிதான் இருந்தது.

மறுநாள் காலையில் பூக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு எங்கள் ஜன்னலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பால்காரர் வண்டியை நிறுத்தாமலே ஒரு கையால் கும்பிட்டார். கொஞ்ச நேரத்தில் மாமியே மூச்சிரைக்கப் படியேறி வந்துவிட்டார். கண்ணெல்லாம் ஈரம்.

"நாங்க ஒண்ணுமே சொல்லலை. நீங்களா எங்க பெருமாளை வாசலைப் பார்த்து எழுந்தருளப்பண்ணியிருக்கேளே! இந்த மனசு யாருக்கு வரும்?"

என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "பரவாயில்லைங்க மாமி" என்றார். எதற்குப் பரவாயில்லை என்று அவருக்கே தெரிந்திருக்காது. மத்தியானம் ஒரு தூக்கு நிறையப் புளியோதரை வந்தது. குற்ற உணர்ச்சியோடு சாப்பிட உட்கார்ந்தோம். ஆனால் அதில் நிலக்கடலையெல்லாம் போட்டிருந்தது. தூக்கை வழித்துத்தான் வைத்தோம்.

அந்த வாரம் முழுக்க மாமி தெருவில் ஒருவர் விடாமல் சொல்லி முடித்துவிட்டார். சனிக்கிழமை நான் அளக்கும் டேப்பைப் பிடித்து ஜன்னல் சட்டத்தை அளந்தேன். ஓர் உடைந்த சில்லை மாதிரிக்குப் பேப்பரில் சுற்றிக்கொண்டோம். ஸ்கூட்டரில் காந்தி மார்க்கெட் பக்கம் இருக்கும் கண்ணாடிக் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் சில்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதே பூ இப்ப வர்றதில்லைங்க. கொஞ்சம் பெரிய பூவா இருக்கு, பாக்குறீங்களா?" என்று கேட்டு எடுத்துக் காட்டினார். சரி என்றோம். அளவுச் சீட்டைக் கொடுத்தேன்.

"அளவு சரியாத்தான் எடுத்தீங்களாக்கா? ரெண்டு நூல் கூடினாலும் உக்காராது."

"நான் கணக்கு டீச்சருங்க."

"அதாங்க கேட்டேன்" என்றார் அவர்.

திரும்பும்போது கண்ணாடியைப் பேப்பரில் சுற்றி, மேலே ஒரு பழைய போர்வையையும் சுற்றி, எங்கள் இருவருக்கும் நடுவில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன். காவிரிப் பாலத்தில் ஏறினோமோ இல்லையோ, காற்று பிடித்துக்கொண்டது. கண்ணாடி ஒரு பக்கம் போக, ஸ்கூட்டர் அதன் பின்னாலேயே போனது. "அசைக்காதே, அசைக்காதே" என்று கணவர் கத்துகிறார். "நான் எங்கங்க அசைக்கிறேன், காத்து அசைக்குது" என்று நான் கத்துகிறேன். பக்கத்தில் வந்த ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, "அக்கா, படுக்க வச்சுப் பிடிங்கக்கா, பறந்துறப்போறீங்க" என்றார். மடியில் படுக்கவைத்து, அதன்மேல் கவிழ்ந்து படுத்தபடி ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தேன்.

வாசலிலேயே மாமா நின்றுகொண்டிருந்தார்.

"என்னது அது, பெரிசா?"

"படம் மாமா" என்றுவிட்டார் என் கணவர், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

மாமாவின் முகம் மலர்ந்தது. "இன்னும் ஒண்ணா?" சட்டென்று செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, போர்வையின் ஒரு முனையைத் தானே பிடித்துக்கொண்டு படியேறினார். மேலே வந்ததும் பயபக்தியோடு போர்வையை விலக்கினார். பேப்பரையும் பிரித்தார். கண்ணாடியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"பெருமாள் எங்கே?"

சொல்லிவிட்டேன். சப்பாத்திக்கட்டை முதல் எல்லாவற்றையும். மாமா நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் விசிறிக்கொண்டார்.

"மாமிகிட்ட மூச்சு விடாதீங்கோ" என்றார் கடைசியில். "ஊர் பூரா சொல்லி வச்சிருக்கா. அவ கோயிலுக்குப் போயிருக்கா, வர்றதுக்குள்ளே மாட்டிடுவோம்."

காலண்டரை எடுத்துக் கட்டில்மேல் வைத்துவிட்டுக் கண்ணாடியைச் சட்டத்தில் பொருத்தினோம். உட்காரவில்லை. இரண்டு நூல் பெரிது. அரை சென்டிமீட்டர் கூடுதலாக வந்ததை நான் அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றி எழுதியிருந்தேன், ஆறாம் வகுப்பில் சொல்லிக்கொடுப்பதுபோல. கணவர் என்னை, தொழிற்சாலையில் திருப்பி அனுப்பும் பொருளைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

"ரெண்டு நூல்தானே, மரத்தைச் செதுக்கினாப் போறது" என்று மாமா கீழே போய் உளியும் சுத்தியலும் கொண்டுவந்தார்.

"ஆசாரி யாரையாவது கூப்பிடலாமே மாமா?"

"எதுக்கு? முப்பது வருஷம் ரயில்வேல இருந்தவன் நான்."

மாமா டிக்கெட் கவுன்டரில் இருந்தவர் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. உளியை வைத்து ஓங்கி ஓர் அடி அடித்தார். மரத்தில் கீறல்கூட விழவில்லை. பக்கத்துக் கண்ணாடி, அவருடைய அப்பா போட்டது, மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டு, கொஞ்சம் யோசித்துவிட்டு, பொலபொலவென்று தெருவில் கொட்டியது.

கீழேயிருந்து மாமியின் குரல் வந்தது. "ஏன்னா, என்ன கொட்றது மேலேர்ந்து?"

மாமி மேலே வந்தார். ஜன்னலில் இரண்டு ஓட்டை, கட்டிலில் காலண்டர், சுவரோரமாக நாங்கள் மூன்று பேர். அவருக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"உடைஞ்சதை மறைக்கவா வச்சேள்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மன்னிச்சிடுங்க மாமி." எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமி காலண்டரை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எதுக்கு அழறே? ஒரு வாரமா தெருவே சேவிச்சுண்டு போச்சு. அது ஒண்ணும் பொய்யில்லையே." பிறகு அடுத்த ஓட்டையைக் காட்டி, மாமாவிடம் திரும்பினார். "இது யார் கைங்கர்யம்?"

மாமா சுத்தியலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை கண்ணாடிக் கடையிலிருந்தே ஓர் ஆசாரி வந்தார். சீட்டு, டேப் எதையும் எங்களிடம் கேட்கவில்லை. தானே அளந்தார், என் கண்ணாடியின் ஓரத்தைச் சீவினார், இன்னொன்றையும் வெட்டிப் பொருத்தினார். மாமாவும் என் கணவரும் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, "அங்கே கொஞ்சம் இடைவெளி தெரியுது பாருங்க", "இந்த ஆணியை இன்னும் இறக்கணும்" என்று மாறிமாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆசாரி பாதி வேலையில் உளியைக் கீழே வைத்தார்.

"சார், ரெண்டு பேரும் கொஞ்சம் கீழ போய் இருக்கீங்களா?"

மறுபேச்சில்லாமல் இரண்டு பேரும் இறங்கிப் போனார்கள்.