குடும்பக் குழுவில் ஒரு தவ்பா

என் கணவர் பொய் சொல்கிறவர் அல்லர். கண்டதைக் கண்டபடி சொன்னதாகத்தான் அவரும் நினைத்திருந்தார். அவருடைய சாச்சியின், அதாவது சின்னம்மாவின், மகள் கல்முனையில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தாள். அவளுக்கு நிக்காஹ், கல்யாணம், பேசி முடித்திருந்த நேரம். ஒருநாள் கடற்கரை வீதியில் யாரோ ஒருவனுடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் அவள் போவதை இவர் கண்டார். வீட்டுக்கு வந்ததும் வாட்ஸ்அப்பில் எங்கள் குடும்பக் குழுவில் குரல் பதிவொன்று போட்டார். அதில் அவர் சொன்ன ஒரு சொல்லை என்னால் எழுத முடியாது.

அன்று அவளுடைய வாப்பா மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். கூட வேலை செய்த பையன் அவளை அங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறான். இது எங்களுக்குத் தெரியவருமுன்னே அந்தக் குரல் பதிவு கைமாறிப் போய், மாப்பிள்ளை வீட்டார் விலகிவிட்டார்கள்.

உண்மை தெரிந்ததும் இவர் உடைந்துபோய், பாவமன்னிப்புத் தேடித் தவ்பாவில் இறங்கினார். திங்களும் வியாழனும் நோன்பு பிடித்தார். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் போனால், பொழுதுபட்டு மஃரிப் தொழுகையும் முடிந்துதான் பள்ளியிலிருந்து வருவார். தொழுகைப் பாயில் அழும்போது தோள் குலுங்கும். முதலில் எனக்கு இரக்கமாக இருந்தது. மாதங்கள் போகப் போக அந்த அழுகை எனக்குப் பொறுக்கவில்லை.

"அல்லாஹ்ட்ட அழுறீங்க. அவட்ட ஒரு சொல்லும் சொல்லல்லயே" என்றேன்.

"போகத்தான் நினைக்கன் புள்ள. கால் எழும்புதில்ல. அல்லாஹ் என்ட கல்பை, மனசைத் திறந்தா போவன்."

"திறந்திட்டான் எண்டு எப்பிடி அறிவீங்க?"

அவர் பாயைச் சுருட்டி வைத்தார். சில நாட்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு எதையோ பேசத் தொடங்குவார், பாதியில் அழித்துவிடுவார். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தவர், சாப்பிடாமலே, "வா, மருதமுனைக்குப் போவம், சாச்சி வீட்டுக்கு" என்றார். 

சாச்சி வாசல் கேற்றைத் திறந்தார். இருக்கச் சொல்லவில்லை. மகள் உள்ளேயிருந்து வந்து கதவோரம் நின்றாள். இவர் தலையைக் குனிந்தபடி மாப்புக் கேட்டார்.  அண்ணன் முறையான இவரை அவள் காக்கா என்றுதான் கூப்பிடுவாள்; கடைசி வரை கேட்டாள்.

"எனக்கிட்டச் சொல்லி என்ன காக்கா? எனக்கு உண்மை தெரியும்தானே. தெரியாத ஆக்களுக்குச் சொல்லுங்க."

இவர் அப்படியே நின்றார்.  திரும்பி வந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். போனை எடுத்தார். அந்த முற்றத்தில் நின்றுகொண்டே, தான் சொன்னது பொய், விசாரிக்காமல் சொன்னது, தங்கச்சி மீது எந்தக் குற்றமும் இல்லை என்று குடும்பக் குழுவுக்குப் பேசி அனுப்பினார்.  சாச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"மன்னிச்சிட்டன் எண்டு சொல்ல எனக்கு வாய் வருதில்ல" என்றாள் அவள். "வந்தாச் சொல்றன்."

திரும்பி வரும்போது பாண்டிருப்பில் மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்தினார். "நான் கதைக்கல்ல. அல்லாஹ்தான் கதைக்க வெச்சான்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவர் பட்ட பாட்டைக் கண்ணால் கண்டவள் நான். "அப்ப இவ்வளவு மாசமும் அவன் ஏன் உங்களக் கதைக்க வெக்கல்ல?" என்று கேட்டுவிட்டேன். உடனே பயந்துபோய், அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டு இஸ்திஃபார் ஓதினேன். அவர் போனை எடுத்துப் பார்த்தார். "அவன் வெச்சிருப்பான். நான்தான் அழிச்சிட்டு இருந்தன்" என்றார்.

குழுவில் அதிகம் பேர் வாய் திறக்கவில்லை. ஒரு மாமா மட்டும், முடிந்த கதையை ஏன் கிளறுகிறாய் என்று ஏசினார். அந்த மாப்பிள்ளை வேறிடத்தில் கல்யாணம் முடித்துவிட்டான். அவள் இன்னும் அதே மருந்துக்கடையில்தான். பெருநாளைக்கு எனக்கு மட்டும் ஸலாம் அனுப்பினாள், மதினி என்று போட்டு. "என்னப் பத்தி ஏதும் கேட்டாவா?" என்றார் இவர். இல்லை என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்யப் போனார்.