திண்டிவனத்திலிருந்து வந்த செட்டு

என் வீட்டுக்காரர் விழுப்புரத்தில் ஒரு ரைஸ் மில்லில் மெக்கானிக்காக இருந்தார். சாயந்திரம் தவிட்டுத் தூசியோடு வந்து குளித்ததும் அவருக்குப் பாட்டு வேண்டும். பழைய வால்வு ரேடியோ, சாவி கொடுத்தால் சுற்றும் கிராமபோன், ஓடாத டேப் ரெக்கார்டர் என்று எங்கே எது கிடைத்தாலும் வாங்கி வந்து, பிரித்துப் போட்டு, ஓட வைத்துவிடுவார். எங்கள் ஒன்றரை அறை வீட்டில் அரிசி மூட்டைக்கு இடம் இருக்காது, ரேடியோக்களுக்கு இருக்கும். நான் திட்டுவேன். ஆனாலும் ஒரு பெட்டியிலிருந்து முதல் சத்தம் வரும்போது என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். பிள்ளை இல்லாத எங்களுக்கு அந்தச் சாயந்திரங்கள் போதுமானதாக இருந்தன.

எண்பதுகளின் நடுவில் அவருக்கு எந்தப் பெட்டியும் பிடிக்காமல் போயிற்று. "எல்லாம் மழுங்கலா கேக்குது. செட்டுங்களுக்கு வயசாயிடுச்சி" என்று சலித்துக்கொள்வார். சத்தத்தைக் கூட்டி வைப்பார். பக்கத்து வீட்டு அம்மா இரண்டு முறை வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தச் சமயத்தில்தான் திண்டிவனத்தில் ஒரு நாதஸ்வர வித்வானின் வீட்டுச் சாமான்களை ஏலம் விடுகிறார்கள் என்று தெரிய வந்தது. பெரிய வித்வான். காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்னால் மயிலம் பங்குனி உத்திரக் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நின்று அவர் வாசிப்பைக் கேட்டவர். வித்வான் கச்சேரிக்குப் போன வெளிநாட்டிலிருந்து ஒரு ரெக்கார்டு பிளேயரும் ஸ்பீக்கர்களும் கொண்டுவந்திருந்தார் என்பதும் அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

"அந்த மாதிரி செட்டுல கேட்டாதான் பாட்டு பாட்டா இருக்கும். ஜல்தி கெளம்பு" என்று ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே என்னையும் பஸ் ஏற்றிவிட்டார்.

வித்வான் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, சாமான்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். வந்தவர்களெல்லாம் தேக்கு பீரோவையும் பித்தளை அண்டாவையும் சுற்றி நின்றார்கள். ஓரத்தில் ஒரு ஜமக்காளத்தில் ரெக்கார்டு பிளேயர், ஆம்ப்ளிபையர், முழங்கால் உயரத்துக்கு இரண்டு மர ஸ்பீக்கர்கள். வித்வானின் மகன் பம்பாயில் வேலையிலிருந்தவர். நாங்கள் கேட்டதும் அவரே வந்து அப்பாவின் ரெக்கார்டு ஒன்றைப் போட்டுக் காட்டினார். யாரோ அந்தப் பந்தலிலேயே உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கியது போல எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

என் வீட்டுக்காரர் ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டார். முகம் சுருங்கியது. "மழுங்கலாகீதே சார். ஊசி தேஞ்சிருக்கும்" என்றார்.

விலையைக் குறைக்கத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்து நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

ஏலத்தில் செட்டுக்குப் போட்டியே இல்லை. அந்த ரெக்கார்டையும் சேர்த்து எங்களுக்கே விழுந்தது. பஸ்ஸில் ஒரு ஸ்பீக்கரை மடியில் வைத்துக்கொண்டே விழுப்புரம் வரைக்கும் வந்தார்.

மறுநாளே ஊசியை மாற்றினார். பிறகு வால்வுகளை மாற்றினார். ஒயர்களைப் பிடுங்கிப் புதிதாகப் போட்டார்.

"இப்ப எப்பிடிகீது?"

"நல்லாத்தாங்க இருக்குது. மொதல்லயும் நல்லாத்தான் இருந்துது."

"உனக்கு இன்னா தெரியும்? போ."

இப்படியே பத்து நாள் போனது. கடைசியில், ஏலத்துக்கு அப்புறம் ஸ்பீக்கரை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நான் தடுக்கத் தடுக்கக் கேட்காமல் திண்டிவனம் போய் வித்வானின் மகனிடம் சண்டை போட்டுவிட்டு வந்தார்.

அந்த மனிதர் நல்லவர். இரண்டு நாள் கழித்து, வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைச் சொந்தக்காரரிடம் கொடுக்க விழுப்புரம் வந்தவர், துணிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டைத் தேடி வந்தார். "போடுங்க, கேக்கலாம்" என்று தரையிலேயே உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் ரெக்கார்டைப் போட்டுவிட்டு அவருக்குப் பின்னால் நின்றார்.

கொஞ்ச நேரத்தில் வித்வானின் மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்பா இருந்தப்ப கேட்ட மாதிரியே இருக்கும்மா. இதுல ஒரு குறையும் இல்லை" என்று என்னிடம் சொன்னார். அப்புறம் தயங்கி, "சாருக்குக் காது எப்படி?" என்று கேட்டார்.

அவர் சாதாரணக் குரலில்தான் கேட்டார். ஒரு முழம் தள்ளி நின்றிருந்த என் வீட்டுக்காரர் திரும்பவில்லை. வித்வானின் மகன் எதையாவது கண்டுபிடித்துச் சொல்லுவார் என்று அவருடைய பின்தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் நான் கூப்பிட்டும் இவர் திரும்பாமல் இருந்தது, பக்கத்து வீட்டு அம்மாவின் முறைப்பு, எல்லாம் எனக்கு ஒரே நேரத்தில் விளங்கியது.

வித்வானின் மகனை அனுப்பிவிட்டு வந்து, "செட்டுல ஒண்ணும் இல்லீங்க. உங்களுக்குத்தான் காது கேக்கல" என்றேன்.

"இன்னா?"

மறுபடியும் சொன்னேன். மறுபடியும், "இன்னா சொல்ற?" என்றார். மெதுவாக, கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டியதை, தெருவுக்கே கேட்கும்படி கத்திச் சொன்னேன்.

அவர் ஸ்பீக்கர் மேல் உட்கார்ந்துவிட்டார். "அன்னிக்கி ஏலத்துல போட்டாரே, அது நல்லாவா இருந்துது?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். மில் இரைச்சலில் போன காது, போனது போனதுதான் என்றார்கள். சட்டைப் பையில் வைக்கும் மிஷின் ஒன்று வாங்கிக்கொண்டோம். அதில் பேச்சு கேட்டது. பாட்டு, தகரத்தை இழுப்பது போலக் கேட்டதாம். மற்ற பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டார். வித்வான் செட்டை மட்டும் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் துணியால் துடைத்து வைப்பார்.

ஒரு நாள் அவர் மில்லில் இருக்கிறார் என்ற தைரியத்தில் நான் ரெக்கார்டைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தபோது வாசற்படியில் அவர் நின்றிருந்தார். கரண்ட் போய் மில்லை மூடியிருக்கிறார்கள், எங்கள் தெருவில் கரண்ட் இருந்தது. சுற்றுகிற ரெக்கார்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவசரமாக ஊசியைத் தூக்கினேன்.

"ஏன் எடுத்துட்ட? நீ கேளு. நான் சும்மா பாத்துக்கினுதான் இருந்தேன்" என்றார்.

மறுபடியும் போட எனக்குக் கை வரவில்லை. அவர் இருந்தவரைக்கும் நான் அதைப் போடவே இல்லை. அவரும் அதற்கப்புறம் கேட்கச் சொல்லவில்லை.